பிளேயர் ஓய்கிறது, தகடுகளை என்ன செய்வது?

தமிழ்நாட்டு வீடுகளில் டிவிடி பிளேயர் சாதாரணப் பொருளாக மாறியது இந்த நூற்றாண்டின் முதல் பத்தாண்டில். 2006இல் தொடங்கிய இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டம், டிவியே இல்லாத லட்சக்கணக்கான வீடுகளுக்கு ஒரு திரையைக் கொண்டு சேர்த்தது. அதையொட்டிய ஆண்டுகளில் மோசர் பேர் நிறுவனம் திரைப்பட விசிடியை 28 ரூபாய்க்கும் டிவிடியை 34 ரூபாய்க்கும் கடைகளில் வைத்தது. லண்டனைத் தளமாகக் கொண்ட ஐங்கரன் நிறுவனம், ஆங்கில வசன வரிகளுடன் தமிழ்ப் படங்களை டிவிடியில் வெளியிட்டு, புலம்பெயர்ந்த தமிழர்களின் வரவேற்பறைகளை எட்டியது. கல்யாண வீடியோவும் கேசட்டிலிருந்து விசிடிக்கும், அங்கிருந்து டிவிடிக்கும் மாறியது.

அந்தக் காலத்தில் வாங்கிய பிளேயர்கள் இப்போது ஒவ்வொன்றாக ஓய்ந்துவருகின்றன. தட்டு வெளியே வர மறுக்கிறது, படம் கட்டம் கட்டமாக உடைகிறது, 'நோ டிஸ்க்' என்ற எழுத்து மட்டும் திரையில் நிற்கிறது. சுற்றியுள்ள தொழிலும் சுருங்கிவிட்டது. மோசர் பேர் 2018இல் கலைப்பு நடவடிக்கைக்குப் போனது. ப்ளூ-ரே பிளேயர் செய்வதை ஓப்போ 2018இல் கைவிட்டது. தபாலில் டிவிடி அனுப்பித் தொழிலைத் தொடங்கிய நெட்ஃபிளிக்ஸ், அந்தச் சேவையை 2023 செப்டம்பர் 29இல் மூடியது.

இந்த நிலையில் வீட்டில் தகடுகளை வைத்திருப்பவருக்கு என்னென்ன வழிகள் உண்டு, எந்த வழி யாருக்குப் பொருந்தும் என்பதை இக்கட்டுரை முழுமையாகப் பார்க்கிறது. 'எல்லாம்தான் யூடியூபில் இருக்கிறதே' என்ற பதில் இங்கே போதாது. உங்கள் அக்காவின் கல்யாணம் யூடியூபில் இல்லை. பாட்டி மடியில் குழந்தைக்குக் காது குத்திய காட்சி எந்தத் தளத்திலும் வாடகைக்குக் கிடைக்காது.

இரண்டு வகைத் தகடுகள்

டிவிடி 12 சென்டிமீட்டர் விட்டமும் 1.2 மில்லிமீட்டர் தடிமனும் உள்ள பாலிகார்பனேட் வட்டு. 0.6 மில்லிமீட்டர் தடிமனுள்ள இரண்டு வட்டுகளை ஒட்டி அதைச் செய்கிறார்கள். தகவல் அந்த இரண்டுக்கும் நடுவே, உள்ளிருந்து வெளியே சுற்றிச் செல்லும் சுருள் தடத்தில் பதிந்திருக்கிறது. தடத்தின் இரண்டு சுற்றுகளுக்கு இடையே 0.74 மைக்ரோமீட்டர்தான் இடைவெளி. சாதாரண சிடியில் இது 1.6 மைக்ரோமீட்டர். ஒற்றை அடுக்கு டிவிடியில் 4.7 ஜிபியும் இரட்டை அடுக்கில் 8.5 ஜிபியும் கொள்ளும்.

கடையில் வாங்கிய படத் தகடு ஆலையில் அச்சில் வார்த்தது. அதன் குழிகள் பிளாஸ்டிக்கிலேயே அழுந்தியிருக்கின்றன. மேலே மெல்லிய உலோகப் பூச்சு ஒளியைத் திருப்பி அனுப்புகிறது. கல்யாண ஸ்டூடியோ தந்த தகடு அப்படியல்ல. கணினி டிரைவின் லேசர், தகட்டுக்குள் இருக்கும் கரிமச் சாயப் பூச்சைச் சுட்டு அதில் அடையாளங்களை ஏற்படுத்தியிருக்கிறது. அடிப்பக்கத்தைப் பார்த்தாலே வித்தியாசம் தெரியும். வார்த்த தகடு வெள்ளி நிறத்தில், இரட்டை அடுக்காக இருந்தால் இளம்பொன் நிறத்தில் மின்னும். எழுதிய தகடு ஊதா சாயலில் இருக்கும்.

இந்தப் பிரிவினையில்தான் முழுப் பிரச்சினையின் திறவுகோல் இருக்கிறது. சாயப் பூச்சு வெயிலிலும் வெப்பத்திலும் மெல்ல வெளுக்கிறது. நல்ல நிலையில் வைத்த வார்த்த தகடு பொதுவாக அதைவிட நீண்ட நாள் தாங்கும். விரைவில் அழியக்கூடிய எழுதிய தகட்டில்தான் வேறெங்கும் கிடைக்காத காட்சிகள் இருக்கின்றன. ஸ்டூடியோவில் மூலப் பதிவு இருக்கும் என்று நம்பவும் முடியாது. டேப்பை அழித்து அடுத்த முகூர்த்தத்துக்குப் பயன்படுத்தியவர்கள் பலர். கடையையே மூடிவிட்டவர்களும் உண்டு. பிளேயரைச் சரிசெய்வதைப் பற்றிப் பேசும் முன், எந்தத் தகடு முதலில் காப்பாற்றப்பட வேண்டும் என்று முடிவு செய்துகொள்ள வேண்டும்.

கோளாறு கருவியிலா, தகட்டிலா?

பிளேயரைக் கடைக்குத் தூக்கிச் செல்வதற்கு முன் வீட்டிலேயே சில சோதனைகள் செய்து பார்க்கலாம். ஒரு தகடு மட்டும் தடுமாறினால் கோளாறு தகட்டில். எல்லாத் தகடும் தடுமாறினால் கருவியில்.

அதற்கு மேலும் நுட்பமாகப் பார்க்க முடியும். டிவிடியைப் படிப்பது 650 நானோமீட்டர் அலைநீளமுள்ள சிவப்பு லேசர். ஆடியோ சிடியையும் விசிடியையும் படிப்பது 780 நானோமீட்டர் அகச்சிவப்பு லேசர். பாட்டு சிடி நன்றாக ஓடி, டிவிடி மட்டும் ஓடவில்லை என்றால், சிவப்பு லேசர் பலமிழந்துவிட்டது என்று ஓரளவு உறுதியாகச் சொல்லலாம். டிவிடிகளிலேயே ஒற்றை அடுக்குத் தகடு தன்மேல் விழும் ஒளியில் 45 விழுக்காட்டுக்குக் குறையாமல் திருப்பி அனுப்பும். இரட்டை அடுக்குத் தகடு 18 முதல் 30 விழுக்காடுதான் அனுப்பும். ஆகவே லேசர் தளரத் தொடங்கும்போது இரட்டை அடுக்குப் படத் தகடுகள்தான் முதலில் சிக்கும். அதே படத் தகட்டில் பாதிப் படத்தில் ஒரு நொடி நின்று தொடர்ந்தால் அது கோளாறு இல்லை. லேசர் ஓர் அடுக்கிலிருந்து அடுத்த அடுக்குக்குத் தாவும் இடம் அது.

தகட்டில் கோளாறு என்றால் பெரும்பாலும் அழுக்கும் கைரேகையுமே காரணம். நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த மெல்லிய பருத்தித் துணியால், நடுத்துளையிலிருந்து விளிம்பை நோக்கி நேர்கோட்டில் துடைக்க வேண்டும். வட்டமாகத் துடைக்கவே கூடாது. தடத்தின் போக்கிலேயே விழும் கீறல் தொடர்ச்சியாகத் தகவலை அழித்துவிடும். குறுக்கே விழும் கீறலைத் தகட்டின் பிழைதிருத்தக் குறியீடு சமாளித்துக்கொள்ளும். தடத்தின் நீளவாக்கில் சுமார் 6 மில்லிமீட்டர் வரை தகவல் போனாலும் அந்தக் குறியீட்டால் மீட்க முடியும். பற்பசையால் தேய்க்கும் பழக்கம் நம் ஊரில் பரவலாக உண்டு. அது ஆழமில்லாத கீறலை மழுக்கலாம். ஆனால் புதிதாக நூறு மெல்லிய கீறல்களையும் போடும். ஒரே பிரதியாக இருக்கும் கல்யாணத் தகட்டில் அந்தச் சோதனை வேண்டாம்.

துடைத்துத் தீராத நோயும் இருக்கிறது. ஒட்டிய இரண்டு வட்டுகளுக்கு இடையே காற்றும் ஈரமும் புகுந்து உலோகப் பூச்சை அரித்துவிடும். விளிம்பில் புள்ளி புள்ளியாகவோ மேகம் படர்ந்தது போலவோ தெரிவது இதன் அடையாளம். ஆலைத் தயாரிப்பும் இதற்கு விலக்கில்லை. 2006 முதல் 2008 வரை அச்சான தன்னுடைய சில டிவிடிகள் இப்படிக் கெட்டுப்போவதை வார்னர் நிறுவனம் 2025இல் ஒப்புக்கொண்டு மாற்றுத் தகடு தர முன்வந்தது.

பழுதுபார்ப்பது எதுவரை?

பிளேயருக்குள் தேயும் பாகங்கள் நான்கைந்துதான். தட்டு வெளியே வராமல் முனகினால், தட்டை இயக்கும் ரப்பர் பெல்ட் தளர்ந்திருக்கும். இதுதான் மிக எளிய பழுது. ஒரு சிறிய பெல்ட்டை மாற்றினால் போதும். தகட்டின் தொடக்கம் நன்றாக ஓடி, பிற்பகுதியில் படம் உடைந்தால், லேசர் ஊர்ந்து செல்லும் தண்டில் உள்ள கிரீஸ் காய்ந்திருக்கலாம், அல்லது தகட்டைச் சுழற்றும் மோட்டார் தளர்ந்திருக்கலாம். கருவி உயிரே பெறவில்லை என்றால் மின்வழங்கிப் பலகையில் உப்பிய கெப்பாசிட்டரைத் தேட வேண்டும். மின்னழுத்தம் ஏறி இறங்கும் ஊர்களில் இது சகஜம். அந்தப் பலகையில் 230 வோல்ட் மின்சாரம் 300 வோல்ட்டுக்கு மேற்பட்ட நேர்மின்சாரமாக மாறித் தேங்கியிருக்கும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் சிறிது நேரம் அது அங்கேயே இருக்கும். பயிற்சி இல்லாதவர் அதில் கைவைக்கக் கூடாது.

தகட்டைப் படிக்காத கோளாறுக்கு மெக்கானிக் சொல்லும் பெயர் 'லென்ஸ் போச்சு' என்பதுதான். லென்ஸ், லேசர், உணர்வி எல்லாம் சேர்ந்த முழுத் தொகுதியையே அவர்கள் லென்ஸ் என்கிறார்கள். தூசி படிந்ததுதான் காரணம் என்றால், ஐசோபுரோபைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சுக் குச்சியால் மெல்ல ஒற்றி எடுத்தாலே கருவி பிழைத்துக்கொள்ளும். மின்சாரம் ஓடும்போது லென்ஸை நேராகப் பார்ப்பது கண்ணுக்கு ஆபத்து.

லேசரே தளர்ந்திருந்தால், சிலர் தொகுதியில் உள்ள சின்ன பிரீசெட்டைத் திருகி லேசருக்குப் போகும் மின்னோட்டத்தைக் கூட்டித் தருவார்கள். கருவி உடனே ஓடும். ஆனால் தளர்ந்த லேசரை மேலும் விரட்டுவதால் அதன் மிச்ச ஆயுளும் குறைந்துவிடும். நீண்ட நாள் தீர்வாக இதை ஏற்க முடியாது. ஒரேயொரு பயன் இதற்கு உண்டு: தகடுகளைப் படியெடுக்கும்வரை கருவி ஓடினால் போதும் என்றால் இது கைகொடுக்கும்.

சரியான வழி லென்ஸ் தொகுதியை மாற்றுவது. இந்தியச் சந்தையில் விற்ற மலிவு பிளேயர்கள் பலவற்றில் சான்யோவின் எஸ்எஃப்-எச்டி62, எச்டி65 போன்ற ஒரே வகைத் தொகுதிகளே இருந்தன. அதனால் பிராண்ட் பெயர் எதுவானாலும் உதிரிபாகம் பொருந்த வாய்ப்பு அதிகம். சென்னை ரிச்சி தெருவிலும் மற்ற ஊர்களின் எலெக்ட்ரானிக்ஸ் உதிரிபாகக் கடைகளிலும் கேட்டுப் பார்க்கலாம். நிலைமின்சாரம் தாக்காமல் இருக்கப் புதிய தொகுதியில் ஒரு பொட்டு ஈயம் வைத்திருப்பார்கள். பொருத்திய பிறகு அதை நீக்க வேண்டும். நீக்க மறந்தால் புதிய லென்ஸும் வேலை செய்யாது.

என் மதிப்பீடு இது: பெல்ட், கிரீஸ், தூசி அளவில் முடிந்தால் பழுதுபார்ப்பது நிச்சயம் லாபம். லென்ஸும் மோட்டாரும் சேர்ந்து போயிருந்தால் வேறு கருவியைப் பார்ப்பதே நல்லது.

மாற்றுக் கருவிகள்

புதிய டிவிடி பிளேயர் இன்னும் கிடைக்கிறது, ஆனால் தெரிவுகள் குறைந்துவிட்டன. வாங்குபவர் இரண்டு விஷயங்களைக் கேட்க வேண்டும். எச்டிஎம்ஐ வெளியீடு இருக்கிறதா? விசிடி ஓடுமா? பல தமிழ் வீடுகளில் 2000ஆம் ஆண்டை ஒட்டிய கல்யாணங்கள் விசிடியிலேயே இருப்பதால் இரண்டாவது கேள்வியும் முக்கியமானது.

ப்ளூ-ரே பிளேயர் டிவிடியையும் படிக்கும்; படத்தைப் பெரிய திரைக்கு ஏற்றபடி விரித்துத் தருவதில் மலிவு டிவிடி பிளேயரைவிடச் சிறந்தது. பழைய பொருளாக நல்ல நிலையில் கிடைத்தால் தயங்காமல் வாங்கலாம்.

விளையாட்டுக் கருவி வைத்திருப்பவர்கள் தனியாக எதுவும் வாங்கத் தேவையில்லை. தகட்டு டிரைவ் உள்ள பிளேஸ்டேஷன் 4, 5, எக்ஸ்பாக்ஸ் ஒன், சீரீஸ் எக்ஸ் எல்லாமே டிவிடி ஓட்டும். எக்ஸ்பாக்ஸில் அதற்கான செயலியை இலவசமாக இறக்கிக்கொள்ள வேண்டும். பிளேஸ்டேஷன் 4, 5 இரண்டும் சிடி வகைத் தகடு எதையும் படிக்காது. விசிடிக்கு அவை உதவா.

மண்டலக் குறியீட்டையும் கவனிக்க வேண்டும். டிவிடிக்கு இந்தியாவும் இலங்கையும் 5ஆம் மண்டலம். சிங்கப்பூரும் மலேசியாவும் 3, பிரிட்டனும் ஐரோப்பாவின் பெரும்பகுதியும் 2, ஆஸ்திரேலியா 4, அமெரிக்காவும் கனடாவும் 1. தமிழ்ப் பட டிவிடிகள் பெரும்பாலும் மண்டலக் கட்டுப்பாடு இல்லாதவை என்பதால் எங்கும் ஓடும். ஹாலிவுட் தகடுகளை வெளிநாட்டில் வாங்கி வந்தவர்களுக்குத்தான் இந்தச் சிக்கல்.

கணினி வழி

இன்று பெரும்பாலான வீடுகளுக்கு மிகவும் பொருந்துவது யூஎஸ்பி டிவிடி டிரைவ். புதிய மடிக்கணினிகளில் தகட்டு டிரைவ் இல்லை. ஆப்பிள் 2008இல் மேக்புக் ஏரில் தொடங்கிய அந்த மாற்றம் எல்லா நிறுவனங்களுக்கும் பரவிவிட்டது. வெளியே செருகும் டிரைவ் ஒன்றை வாங்கினால், தகட்டைப் பார்க்கவும் படியெடுக்கவும் அதுவே போதும்.

மென்பொருளுக்குச் செலவில்லை. விண்டோஸ் 8 வெளிவந்த 2012 முதல் மைக்ரோசாஃப்ட் டிவிடி ஓட்டும் வசதியை விண்டோஸோடு இலவசமாகத் தருவதில்லை. தகட்டைச் செருகியதும் எதுவும் நடக்காததற்கு அதுவே காரணம். பாரிஸில் மாணவர்களின் திட்டமாகத் தொடங்கி 2001இல் திறந்த மூல மென்பொருளாக வெளியான விஎல்சி அந்தக் குறையைத் தீர்க்கிறது. டிவிடி, விசிடி, தகட்டிலிருந்து எடுத்த கோப்புகள் எல்லாவற்றையும் அது ஓட்டும்.

இங்கே பலர் ஏமாறும் இடங்கள் மூன்று. டிரைவைக் கணினி இல்லாமல் நேராக டிவியின் யூஎஸ்பி துளையில் செருகினால் பெரும்பாலும் வேலை செய்யாது. டிவி எதிர்பார்ப்பது பென்டிரைவையும் ஹார்ட் டிஸ்க்கையும்தான். கணினியோடு இணைத்த டிரைவ் டிக்டிக்கென்று ஒலித்து நின்றால், அந்தத் துளை தரும் மின்சாரம் போதவில்லை என்று பொருள். வேறு துளையிலோ இரட்டை முனை கேபிளிலோ முயல வேண்டும். மூன்றாவது, கணினி டிரைவின் மண்டலக் குறியீட்டை ஐந்து முறைதான் மாற்ற முடியும். அதற்குப் பின் கடைசியாக வைத்த மண்டலத்திலேயே அது பூட்டிக்கொள்ளும்.

புதிய டிவியில் பழைய படம்

சில வீடுகளில் பிளேயர் நலமாகவே இருக்கிறது. டிவி மாறியதுதான் சிக்கல். மஞ்சள், வெள்ளை, சிவப்பு என்ற மூன்று துளைகள் புதிய டிவிகளில் மறைந்துவருகின்றன. சில டிவிகளில் ஒரே சிறிய துளையில் மூன்றையும் இணைக்கும் கேபிள் உண்டு. அதுவும் இல்லாவிட்டால் ஏவி-யிலிருந்து எச்டிஎம்ஐக்கு மாற்றும் சிறு பெட்டி வாங்க வேண்டும். பிளேயரைக் குறை சொல்லித் தூக்கிப்போடும் முன் இதைச் சரிபாருங்கள்.

படம் மங்கலாகத் தெரிவதற்கும் காரணம் உண்டு. பால் (PAL) முறை டிவிடியின் படம் 720க்கு 576 புள்ளிகள். 4கே டிவியின் திரை 3840க்கு 2160. இருபது மடங்கு பெரிய திரையில் விரியும் படம் மென்மையாகத்தான் தெரியும். மஞ்சள் கேபிளுக்குப் பதில் எச்டிஎம்ஐ பயன்படுத்துவதும், திரை விகிதத்தைச் சரியாக வைப்பதும் கண்ணுக்குத் தெரியும் பலனைத் தரும். பழைய கல்யாண வீடியோவை அகலத் திரை முழுதும் இழுத்தால் எல்லோரும் குட்டையாகவும் குண்டாகவும் தெரிவார்கள். 4:3 என்ற அமைப்பை வைத்தால் அவரவர் முகம் அவரவருக்குத் திரும்பக் கிடைக்கும்.

படியெடுத்தல்: செய்முறையும் சட்டமும்

ஸ்டூடியோ எழுதித் தந்த தகட்டில் பூட்டு ஏதும் இருக்காது. கணினியில் திறந்து, வீடியோ_டிஎஸ் என்ற கோப்புறையை அப்படியே ஹார்ட் டிஸ்க்குக்கு நகலெடுத்தால் போதும். தகடு முழுவதையும் ஒரே ஐஎஸ்ஓ கோப்பாக எடுத்தால் மெனுவும் சேர்ந்து வரும். விஎல்சி அதையும் ஓட்டும். பென்டிரைவ் ஃபேட்32 முறையில் இருந்தால் 4 ஜிபிக்கு மேற்பட்ட கோப்பு அதில் ஏறாது. எக்ஸ்ஃபேட் முறைக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். விசிடியில் டேட் என்று முடியும் கோப்புகளே படம். அவற்றை நகலெடுக்க வேண்டும்.

கைபேசியில் பார்க்க ஹேண்ட்பிரேக் போன்ற இலவச மென்பொருளால் சிறிய எம்பி4 கோப்பாக மாற்றிக்கொள்ளலாம். ஆனால் மூலக் கோப்பைச் சுருக்காமல் அப்படியே ஒரு பிரதி வைத்திருக்க வேண்டும். சுருக்கும்போது இழந்த தெளிவு திரும்ப வராது. 1 டிபி ஹார்ட் டிஸ்க்கில் 4.7 ஜிபி தகடுகள் 200க்கு மேல் கொள்ளும் என்பதால் இடம் ஒரு பிரச்சினையே இல்லை.

நகலெடுக்கும்போது பாதியில் நின்றால் மனம் தளர வேண்டாம். ஒரு டிரைவ் படிக்க மறுத்த தகட்டை இன்னொரு டிரைவ் படித்துவிடுவதுண்டு. டிடிரெஸ்க்யூ என்ற இலவச மென்பொருள் முதலில் நல்ல பகுதிகளை எல்லாம் எடுத்துவிட்டு, பிறகு கெட்ட பகுதிகளைத் திரும்பத் திரும்ப முயலும். தாலி கட்டும் காட்சி தப்பி, சாப்பாட்டுப் பந்தியில் சில நொடிகள் போனால் அதுவும் வெற்றியே.

சட்டம் என்ன சொல்கிறது? இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், 1957இன் 17(பி) பிரிவின்படி, பணம் கொடுத்து ஒருவர் எடுக்கச் சொன்ன திரைப்பதிவின் முதல் பதிப்புரிமையாளர், வேறு ஒப்பந்தம் இல்லாதவரை, எடுக்கச் சொன்னவரே. கல்யாண வீடியோவை நகலெடுக்கக் குடும்பம் யாரிடமும் கேட்க வேண்டியதில்லை.

கடையில் வாங்கிய படத் தகடு வேறு. சொந்தப் பயன்பாட்டுக்கான நியாயமான கையாளுதலை 52ஆம் பிரிவு அனுமதிக்கிறது. 2012 திருத்தத்தில் சேர்ந்த 65ஏ பிரிவு, உரிமையை மீறும் நோக்கத்தோடு தொழில்நுட்பப் பூட்டை உடைப்பதை இரண்டாண்டு வரை சிறைத் தண்டனைக்குரிய குற்றமாக்குகிறது. தானே வாங்கிய தகட்டைத் தானே பார்ப்பதற்கும், நகலெடுத்து விற்பதற்கும் பரப்புவதற்கும் உள்ள தூரத்தை மறக்கக் கூடாது. அமெரிக்கா உள்ளிட்ட நாடுகளில் பூட்டை உடைப்பது பற்றிய விதி இதைவிடக் கடுமை. அங்கே வாழ்பவர்கள் அந்தந்த நாட்டுச் சட்டத்தைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

தகடுகளை வைத்திருக்கும் முறை

படியெடுத்த பிறகும் தகட்டை எறிய வேண்டாம். அமெரிக்கத் தேசியத் தரநிலை, தொழில்நுட்ப நிறுவனம் 2003இல் வெளியிட்ட கையேடு, தகடுகளைப் பெட்டியில் செங்குத்தாக நிறுத்தி, குளிர்ந்த, ஈரம் குறைந்த, இருண்ட இடத்தில் வைக்கச் சொல்கிறது. நம் ஊர் வெப்பத்தில் அப்படியொரு சூழல் எளிதில் அமையாது. ஆனாலும் வெயில் படும் ஜன்னலோரத்தையும் டிவிக்கு மேலுள்ள பரணையும் தவிர்க்கலாம். பிளாஸ்டிக் உறைப் பைகளில் தகடு வெக்கையில் ஒட்டிக்கொள்ளும், பெட்டியே நல்லது. மணமக்கள் படம் போட்ட ஸ்டிக்கர் ஓரம் உரிந்து தகட்டின் சமநிலையைக் கெடுக்கும். அத்தகைய தகடுகளை முதல் வரிசையில் படியெடுங்கள்.

முடிவு

படங்களை மட்டும் பார்க்க விரும்புபவருக்கு, பெல்ட்டோ தூசியோ காரணம் என்றால் பழைய பிளேயரைச் சரிசெய்வதே போதும். பழுது அதைவிடப் பெரிதென்றால் பழைய ப்ளூ-ரே பிளேயர் சிறந்தது. வீட்டில் கணினி உள்ளவருக்கு யூஎஸ்பி டிரைவும் விஎல்சியும் மலிவான, முழுமையான தீர்வு. எந்த வழியைத் தேர்ந்தாலும் வரிசை ஒன்றுதான்: முதலில் வீட்டு விசேஷத் தகடுகள், அடுத்து இணையத்தில் கிடைக்காத படங்கள், கடைசியில் மற்றவை.

படிக்கும் கருவிகளும் பழுதுபார்க்கத் தெரிந்தவர்களும் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். பத்தாண்டு கழித்து இதே வேலை இவ்வளவு எளிதாக இருக்காது. ஆகவே அடுத்த விடுமுறை நாளில் கல்யாணத் தகட்டை எடுத்துக் கணினியில் ஏற்றுங்கள். ஒரு பிரதியை உங்களிடமும், இன்னொன்றை வேறு ஊரில் இருக்கும் அண்ணனிடமோ தங்கையிடமோ வையுங்கள். பிளேயரை வைத்துக்கொள்வதா, விடுவதா என்பதை அதற்குப் பிறகு நிதானமாக முடிவு செய்யலாம்.